தொலைக்காட்சி விளம்பரங்கள்: சொல்வதும் சொல்லாததும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., வேதியியல் மாணவி)

தெருமுனை திரும்பும்போதே பூக்கார அம்மா குரல் கொடுக்கிறார். உப்பு விற்பவரும் கோலமாவு விற்பவரும் அப்படியே. குரல் கொடுக்காவிட்டால் சரக்கு விற்காது. அந்தக் குரலும் ஒரு விளம்பரந்தான். ஆனால் நாம் குரலை மட்டும் நம்பி வாங்குவதில்லை. கூடையை இறக்கச் சொல்கிறோம். மொட்டா, வாடலா என்று பார்க்கிறோம். முழம் குறைந்தால் சண்டை போடுகிறோம். குரலும் பொருளும் ஒரே நேரத்தில் நம் முன்னால் இருக்கின்றன.

தொலைக்காட்சி விளம்பரத்தில் குரல் மட்டும் வீட்டுக்குள் வருகிறது. பொருள் கடையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில் என்னென்ன நடக்கிறது என்பதை, ஓர் அறிவியல் மாணவி என்ற முறையிலும், ஊரில் சிறு மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தாயின் மகள் என்ற முறையிலும் விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் வளர்ச்சியும்

உலகின் முதல் அதிகாரபூர்வமான தொலைக்காட்சி விளம்பரம் 1941-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நியூயார்க் நகரில் ஒளிபரப்பாயிற்று. ஒரு பேஸ்பால் ஆட்டத்திற்கு முன்பு, அமெரிக்க வரைபடத்தின் மீது ஒரு கடிகாரத்தைக் காட்டி, புலோவா நிறுவனத்தின் பெயரைச் சில விநாடிகள் சொன்னார்கள். அவ்வளவுதான்.

நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15-இல் டில்லியில் சோதனை முறையில் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னைக்கு அது 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. மறு ஆண்டு, 1976 ஜனவரி முதல் நாளிலிருந்து தூர்தர்ஷனில் விளம்பரங்கள் இடம்பெறலாயின. 1984-இல் "ஹம் லோக்" என்ற தொடரை ஒரு நூடுல்ஸ் விளம்பரதாரர் ஆதரவுடன் ஒளிபரப்பினார்கள். நிகழ்ச்சியின் செலவை விளம்பரதாரர் ஏற்கும் பழக்கம் அதன்பின் வேரூன்றியது. 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் தமிழிலும் தனியார் சானல்கள் பெருகின.

இங்கு ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். சானலுக்குப் பெரும் வருமானம் தருபவர் விளம்பரதாரர். அவர் சானலிடம் வாங்குவது நம்முடைய கவனத்தை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை அளந்து அதற்கேற்ப விநாடிக்கு விலை பேசுகிறார்கள். அந்த விலை கடைசியில் சோப்பின் விலையிலும் பற்பசையின் விலையிலும் சேர்ந்து நம்மிடமே வந்து சேருகிறது. ஆகவே விளம்பரத்தை இலவசமாகப் பார்ப்பதாக நாம் நினைத்துக்கொள்வது சரியன்று.

கடையில் கண்டது

மாலை வேளைகளில் நான் எங்கள் கடையில் உட்காருவதுண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இன்று பொருளின் பெயரைத் தேடித் தடுமாறுவதில்லை. "அந்த நாய்க்குட்டி வருமே, அந்த சோப்பு" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் பாட்டைப் பாடிக் காட்டிக் கேட்கிறார்கள். ஒரு பொருளை ஒருமுறைகூடப் பயன்படுத்தாதவருக்கும் அதன்மேல் பழகிய நண்பரைப் போன்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

இதற்கு உளவியல் காரணம் உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பொருள் தெரியாத சொற்களையும் குறிகளையும் மக்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அடிக்கடி கண்டவற்றையே அவர்கள் நல்லவை என்று மதிப்பிட்டார்கள். பழக்கமே விருப்பமாக மாறுகிறது. ஒரே விளம்பரம் ஒரு மணி நேரத்தில் ஆறுமுறை வருவது வீண் செலவன்று என்பது இதனால் விளங்கும்.

விளம்பரம் வந்தவுடன் சத்தம் கூடுவதாக என் பாட்டி சொல்வார். அவர் காதில் கோளாறு இல்லை. ஒலியின் உச்ச அளவை உயர்த்தாமலே, மெல்லிய ஒலிகளையெல்லாம் தூக்கி உச்சத்துக்கு அருகே கொண்டுவந்து அமுக்கிவைக்கும் முறை ஒன்று உண்டு. அளவுகோலில் உச்சம் அப்படியே இருக்கும். காதுக்கு மட்டும் இரைச்சலாக இருக்கும். இதைப் பற்றிய புகார்கள் குவிந்ததால் அமெரிக்காவில் 2010-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

விலையிலும் உத்தி உண்டு. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் விலை பல ஆண்டுகளாக ஐந்து ரூபாய்தான். உள்ளே இருக்கும் கிராம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. பிறகு ஒருநாள் அதே பாக்கெட்டில் "கூடுதல் எடை" என்று பெரிய எழுத்தில் அச்சாகி வருகிறது. எதைவிடக் கூடுதல் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் சிறு பாக்கெட்டுகளை முழுவதும் குறை சொல்ல மாட்டேன். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடிகளில் ஒருவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் சிறு முதலில் தொடங்கிய "சிக்" ஷாம்பு, காலி பாக்கெட்டுகளைக் கொடுத்தால் புதியது இலவசம் என்பன போன்ற எளிய உத்திகளால் கிராமம் கிராமமாகப் பரவியது. பாட்டில் வாங்க இயலாத குடும்பங்களும் தலைக்கு ஷாம்பு போட முடிந்தது அதனால்தான். எங்கள் கடையிலும் சரம் சரமாகத் தொங்குபவை அவையே.

ஒப்பீடு என்னும் உத்தி

விளம்பரங்களில் அப்பட்டமான பொய் மிகக் குறைவு என்பதே நான் கவனித்தவற்றுள் முக்கியமானது. சட்டத்திற்குப் பயந்தாவது உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். நாம் நிரப்பும் பகுதியில்தான் பொய் இருக்கிறது.

"இரு மடங்கு வெண்மை" என்கிறார்கள். எதைவிட இரு மடங்கு? வெறும் தண்ணீரைவிடவா, தங்கள் பழைய தூளைவிடவா, போட்டி நிறுவனத்தின் தூளைவிடவா? சொல்லவில்லை. நாம் இப்போது வாங்கும் தூளைவிட என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம்.

ஒப்பீட்டை முழுமையாகச் சொன்ன விளம்பரங்களும் உண்டு. 1959-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது சர்ஃப். அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-இல் தொடங்கிய நிர்மா அதைவிடப் பன்மடங்கு மலிவாக விற்று அதன் சந்தையைப் பிடித்தது. 1980-களில் சர்ஃப் நிறுவனம் "லலிதாஜி" என்ற இல்லத்தரசியைத் திரையில் கொண்டுவந்தது. காய்கறிக்குப் பேரம் பேசும் அந்த அம்மையார், அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவுத் தூளுக்குச் சமம் என்று கணக்குச் சொன்னார். இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. இரண்டையும் வாங்கித் துவைத்துப் பார்த்தால் சரியா தவறா என்று தெரிந்துவிடும். நேர்மையான விளம்பரத்திற்கு அடையாளம், அதை வீட்டில் சோதித்துப் பார்க்க இடம் இருப்பதே என்பது என் கருத்து.

வெள்ளைக் கோட்டும் விஞ்ஞானமும்

வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர், கையில் சோதனைக் குழாய், பின்னால் நுண்ணோக்கி. "ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று அவர் சொன்னதும் நாம் அடங்கிப் போகிறோம். வேதியியல் படிக்கும் நாமாவது கொஞ்சம் உள்ளே புகுந்து பார்க்க வேண்டாமா?

முதலில் வெண்மையை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டிமார் வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டார்கள். பழுப்பேறிய துணியின் மஞ்சள் சாயலை நீலம் ஈடுகட்டும். துணி சற்றே மங்கும். ஆனால் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரியும். இன்றைய சலவைத்தூள்கள் பலவற்றில் ஒளிர்விக்கும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவை இழையில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உறிஞ்சி, அதை நீல ஒளியாகத் திருப்பி வெளியிடுகின்றன. மெல்லடுக்கு நிறப்பகுப்பின்போது புள்ளிகளைக் காண நம் ஆய்வகத்தில் ஒரு புறஊதாப் பெட்டி இருக்கிறதல்லவா? அதில் ஒருநாள் துவைத்த வெள்ளைக் கைக்குட்டையை வைத்துப் பார்த்தோம். நீலமாகப் பளபளத்தது. அது அழுக்கு போனதால் வந்த பளபளப்பன்று. துணியில் தங்கிவிட்ட பொருளின் பளபளப்பு. வெண்மை வேறு, சுத்தம் வேறு. வெயிலில் சட்டை மின்னுவதைக் காட்டும் விளம்பரம் பொய் சொல்லவில்லை. மின்னுவதால் சுத்தம் என்று முடிவுகட்டுகிறவர்கள் நாம்.

அடுத்து, "99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்" என்பது. பத்து லட்சம் கிருமிகள் இருந்தால் ஆயிரம் மிஞ்சும் என்று இதற்குப் பொருள். வாய்ப்பான சூழலில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்துமுறை இரட்டித்தால், அதாவது மூன்று மணி இருபது நிமிடத்தில், ஆயிரம் மறுபடி பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். கை கழுவுவது வீண் என்று இதனால் நினைத்துவிடக் கூடாது. கை கழுவுவது மிக நல்ல பழக்கம். ஆனால் அதற்கு விசேஷ சோப்பு வேண்டுமா என்பதே கேள்வி. 2016-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிக்கொல்லிப் பொருள்களைச் சேர்த்த கைகழுவும் சோப்புகளை விற்கத் தடை விதித்தது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

முட்டையும் மாவும்

இதுவரை சொன்னவை சில்லறை நஷ்டங்கள். இனிச் சொல்வது அப்படியன்று.

எங்கள் கடைக்கு நூறுநாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா வருவார். மகன் நான்காம் வகுப்பு. வயதுக்குச் சற்று மெலிந்தவன். வாரம் நாலைந்து முட்டை வாங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாகப் பாலில் கலக்கும் ஊட்டச்சத்து மாவு ஒன்றை வாங்கத் தொடங்கினார். பால் வாங்கும் அளவையும் பாதியாக்கிவிட்டார், மாவுதான் இருக்கிறதே! ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "ஏங் கண்ணு, நீ காலேசு படிக்கிறயல்ல, இதக் குடிச்சா பையன் வளத்தி ஆவானா? டிவில காட்டறானுகளே!"

நான் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன். நூறு கிராமில் புரதம் 7 கிராம் என்று அச்சிட்டிருந்தது. சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. ஒரு வேளைக்கு 20 கிராம் மாவு போட்டால் கிடைக்கும் புரதம் 1.4 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. 200 மில்லி பாலிலும் ஏறத்தாழ அதே அளவு இருக்கிறது. ஆக, ஒரு முட்டைக்கு நான்கு வேளை மாவு போட்டாலும் ஈடாகாது. மாவில் இரும்புச்சத்தும் சில வைட்டமின்களும் சேர்க்கப்பட்டிருப்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முட்டையையும் பாலையும் வெட்டி அந்த இடத்தில் மாவை வைத்தால் பிள்ளைக்கு நஷ்டமே.

விளம்பரத்தில் பொய் இருந்ததா? "பாலுடன் கலந்து, சரிவிகித உணவின் ஒரு பகுதியாக" என்று கீழே பொடி எழுத்தில் ஓடியது. அந்த வரியைப் படிக்க அந்த அக்காவால் முடியாது. படிக்கத் தெரிந்த எனக்கே அது ஓடி மறையுமுன் முடியவில்லை. அவர் கண்டது, குடித்த பையன் உயர்ந்து நிற்பதை மட்டுமே. கணக்கைச் சொன்னதும் அவர், "அப்ப முட்டையே குடு கண்ணு" என்றார். அம்மாவுக்கு ஒரு மாவு பாக்கெட் விற்பனை போயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வகை விளம்பரம் வேறு நாட்டில் என்ன ஆனது என்று பார்ப்போம். 2008-இல் பிரிட்டனில் தெரியும் நேபாளத் தொலைக்காட்சி ஒன்றில், ஹார்லிக்ஸ் குடிக்கும் குழந்தைகள் உயரமாகவும் வலுவாகவும் கூர்மையாகவும் ஆவார்கள் என்ற விளம்பரம் ஒளிபரப்பாயிற்று. அந்நாட்டு விளம்பரத் தர அமைப்பு அதை மறுபடி காட்டக் கூடாது என்றது. வங்கதேசத்துக்காக எடுத்த விளம்பரம் தவறுதலாக அங்கே போய்விட்டது என்பது நிறுவனம் தந்த விளக்கம். நம் நாட்டிலும் 2024 ஏப்ரலில், இணைய வணிகத் தளங்கள் இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பதே காரணம்.

நிறத்தை விற்றவர்கள்

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. கறுப்பாக இருக்கும் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது. ஒரு களிம்பு பூசியதும் எல்லாம் கைகூடும் என்று பல்லாண்டுகள் காட்டினார்கள். 1975-இல் இந்தியாவில் அறிமுகமான "ஃபேர் அண்ட் லவ்லி" 2020-இல் தன் பெயரிலிருந்த வெண்மையை நீக்கி "குளோ அண்ட் லவ்லி" ஆயிற்று. உலகெங்கும் நிறபேதத்திற்கு எதிராகக் குரல் எழுந்த ஆண்டு அது. பெயர் மாற நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை பெண்கள் கண்ணாடி முன் நின்று கலங்கியிருப்பார்கள்! நம் விடுதியில் வெயிலுக்குப் பயந்து விளையாட்டு மைதானத்துக்கு வராத தோழியர் இன்றும் உண்டு. முதலில் ஒரு குறையை நம்மிடம் உண்டாக்கி, பிறகு அதற்கு மருந்து விற்பது விளம்பர உத்திகளுள் மிகக் கொடியது என்பேன்.

நற்பணியும் உண்டு

இதே உத்திகள் நாட்டுக்கு நன்மையும் செய்திருக்கின்றன. 1995-இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து இயக்கத்தில், இரண்டு சொட்டு என்ற செய்தியைத் தொலைக்காட்சி வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. அமிதாப் பச்சனைப் போன்ற நட்சத்திரங்கள் அதற்குக் குரல் கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டதே இயற்கைப் போலியோ வைரஸால் இந்தியாவில் வந்த கடைசிப் போலியோ நோய். 2014 மார்ச்சில் நம் நாடு உள்ளிட்ட பகுதி போலியோ இல்லாதது என்று சான்று பெற்றது. வீடு வீடாகச் சென்ற ஊழியர்களின் உழைப்பே இதற்கு முதற்காரணம். விளம்பரம் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. திரும்பத் திரும்பச் சொல்வதும், நட்சத்திரத்தைச் சொல்ல வைப்பதும் அங்கே நல்ல காரியத்திற்குப் பயன்பட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

விளம்பரத் துறையினரே 1985-இல் இந்திய விளம்பரத் தரக் குழுவை அமைத்துக்கொண்டார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க வழி செய்தது. விசாரிக்காமல் பரிந்துரைக்கும் நட்சத்திரங்களும் இதில் அகப்படுவார்கள். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள் இன்னும் நுட்பமானவை. விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழியிலேயே கீழ்க்குறிப்பும் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றை விளம்பரப்படுத்தக் கூடாது. ஒரு பொருள் அறிவையோ உடல்திறனையோ வளர்க்கும் என்றால் ஆதாரம் வேண்டும். குறையிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டம் இருப்பது கடைக்கு வரும் அக்காவுக்குத் தெரியாது.

நம் பங்கு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வங்கியிலிருந்து வரும் கடிதம், மாத்திரை அட்டையின் தேதி, மின்கட்டணக் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் வீட்டில் நான்தான் படித்துச் சொல்கிறேன். நம் கல்லூரியில் என்னைப் போன்றவர்களே மிகுதி என்பதை நான் அறிவேன். இனி விளம்பரத்தின் பொடி எழுத்தையும், பாக்கெட்டின் பின்பக்கத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வோம்.

மூன்று கேள்விகள் போதும். எதைவிட? எவ்வளவு? அதே பணத்திற்கு வேறென்ன கிடைக்கும்? முதல் கேள்வி ஒப்பீட்டை உடைக்கும். இரண்டாவது கேள்வி பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வைக்கும். மூன்றாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் பக்கத்துக் கடையிலேயே, முட்டையாகவோ கடலையாகவோ கீரையாகவோ இருக்கும்.

நம் துறைப் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சலவைத்தூள், பற்பசை, ஊட்டச்சத்து மாவு ஆகியவற்றின் உறைகளில் உள்ளதை ஆய்வகத்தில் நாங்களே சோதித்து அறிய, பருவத்திற்கு ஒரு வகுப்பையாவது ஒதுக்கித் தாருங்கள். அதன் முடிவுகளை நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும் ஊர்களில் எடுத்துச் சொல்ல நாங்கள் தயார். படித்தவர்கள் திருப்பிப் பார்க்கத் தொடங்கினால், அவர்களைக் கேட்டு வாங்கும் பத்து வீடுகளாவது பிழைக்கும்.